போலச்செய்தலும் அளத்தலும்: அச்சிட்ட அகலப்பட்டை அன்ரெனா ஆய்வுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

விமர்சனம் என்பது கலை இலக்கியங்களுக்கு மாத்திரமே உரியதொன்று எனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. விஞ்ஞான ஆய்வுக் கட்டுரையும் ஓர் எழுத்துவகையே. அதற்கும் தோற்றமும் வளர்ச்சியும் உண்டு; மரபும் வாய்பாடும் உண்டு; அது எழுதப்படும் சமுதாயச் சூழலும் உண்டு. ஒரு நாவல் யதார்த்தத்தை எவ்வாறு கையாளுகின்றது என்று வினவும் நாம், இயற்கையையே தன் பொருளாகக் கொண்ட ஒரு கட்டுரை அதனை எவ்வாறு கையாளுகின்றது என வினவாதிருப்பதற்கு நியாயம் ஏதுமில்லை. இக்கட்டுரை, கடந்த இருபதாண்டுக் காலத்துக்கு மேலாகப் பெருந்தொகையாக வெளிவந்துகொண்டிருக்கும் ஒருவகை ஆய்வுகளை எடுத்துக்கொள்கின்றது. அச்சிட்ட அகலப்பட்டை அன்ரெனா ஒன்றினை மின்காந்த மென்பொருளின் துணையுடன் மாதிரியமைத்து, அதன் செயற்பாட்டைக் கணனியிலே போலச்செய்து காட்டும் ஆய்வுகளே அவை. 'போலச்செய்தல்' என்னும் சொல் நாடக ஆராய்ச்சியாளரிடையே பயின்றுவருவது. இவ்விடத்திலும் அது பொருந்தும் என்றே கருதுகின்றேன்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்துவோம். நம் வீட்டுக் கூரைகளில் 'ஏரியல்' என வழங்கும் கம்பிகள் நின்ற காலம் பலருக்கு நினைவிருக்கும். அதே பணியினை, மின்னணுச் சுற்றுக்களைத் தாங்கும் பலகையொன்றின்மீது செம்புப் படலமாக அச்சிட்டுப் பெறுவதே அச்சிட்ட அன்ரெனா. இதன் அடிப்படைக் கருத்தை டெஷாம் 1953 இல் முன்வைத்தார் என்பர். நடைமுறைக்குரிய வடிவங்கள் 1970களின் முற்பகுதியில் மன்சன், ஹொவெல் ஆகியோரால் உருவாக்கப்பட்டன. அத்தகைய ஒட்டுத்தகடுகள் மிகக் குறுகிய மீடிறன் பட்டையிலேயே இயங்கின. மைய மீடிறனில் ஒரு சில சதவீதமே அவற்றின் அகலம். 2002 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 3.1 முதல் 10.6 கிகாஹேட்ஸ் வரையிலான பரந்த பட்டையை, மிகக் குறைந்த வலுவில், உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அவ்வாணையின் பின்னரே அப்பட்டை முழுவதையும் ஒரே பலகையில் அடக்கும் அன்ரெனாக்களைத் தேடும் முயற்சி உலகெங்கும் பெருகியது. ஆய்வுப் பொருள் ஒன்று அறிவின் உள்ளார்ந்த வளர்ச்சியினால் மாத்திரமன்றி, ஒரு நாட்டின் நிருவாக ஆணையினாலும் பிறக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

எடுத்துக்காட்டாக ஒன்றைக் கைக்கொள்வோம். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005 இல் வெளியிட்ட வட்டத்தட்டு அன்ரெனா இவ்வகையில் அடிக்கடி முன்மாதிரியாகக் கொள்ளப்படுவது. 42 மில்லிமீற்றர் அகலமும் 50 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட பலகை. அதன் தடிப்பு 1.5 மில்லிமீற்றர். ஒரு முகத்தில் 10 மில்லிமீற்றர் ஆரையுடைய செம்பு வட்டம். அதற்கு வலுவை ஊட்டும் 50 ஓம் பட்டிக்கோடு. மறுமுகத்தில் பலகையின் ஒரு பகுதியை மாத்திரம் மூடும் புவித்தகடு. வட்டத்தின் அடிவிளிம்புக்கும் புவித்தகட்டின் மேல்விளிம்புக்கும் இடைப்பட்ட இடைவெளி 0.3 மில்லிமீற்றர். காண்பதற்கு எளிமையான இவ்வடிவம் மூன்று மடங்குக்கு மேற்பட்ட மீடிறன் வீச்சில் இயங்குவது எவ்வாறு? வட்டத்தின் விளிம்பில் ஓடும் மின்னோட்டம் ஒன்றையடுத்து ஒன்றாகப் பல பரிவுகளைத் தோற்றுவிக்கின்றது. அவை ஒன்றன்மீது ஒன்று படிந்து தொடர்ச்சியான பட்டையாகின்றன. வளைந்த விளிம்புக்கும் நேர்விளிம்புக்கும் இடையே படிப்படியாக விரியும் இடைவெளியோ, ஊட்டுகோட்டின் தடங்கலை வெளியின் தடங்கலுடன் மெல்ல மெல்ல இசைவிக்கின்றது. அக்கட்டுரை இவ்விளக்கத்தைத் தேடியது என்பதே அதன் சிறப்பு. போலச்செய்தல் அங்கு விளங்கிக்கொள்வதற்கான கருவியாய் நின்றது. தட்டைச் செய்து அளந்தும் பார்த்தனர்.

இனி, போலச்செய்யும் முறைக்கு வருவோம். மக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முழுமை பெற்றுவிட்டன. ஆயின், கோளம், உருளை முதலான ஒழுங்கான வடிவங்களுக்கு அப்பால் அவற்றைத் தாளிலே தீர்ப்பது அரிது. 1966 இல் கேன் யீ என்பவர் வெளியைச் சிறு பெட்டிகளாகவும் காலத்தைச் சிறு துடிப்புகளாகவும் பகுத்து, மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் மாறிமாறிக் கணிக்கும் வழியைக் காட்டினார். 1968 இல் ஹரிங்ரனின் நூல், கடத்தியின் மேலோடும் மின்னோட்டத்தைத் தாயச் சமன்பாடாக மாற்றித் தீர்க்கும் முறையை நிலைநாட்டியது. 1977 இல் ஜேர்மனியில் வைலண்ட், யீயின் வழிக்கு நெருங்கிய தொகையீட்டு முறையொன்றை வகுத்தார். வெளியை நான்முகிகளாகப் பகுக்கும் முடிவுள்ள மூலக முறையும் இக்காலத்தில் வளர்ந்தது. இன்று சந்தையில் விற்கப்படும் மென்பொருள்கள் யாவும் இவற்றுள் ஏதோவொன்றின், அல்லது சிலவற்றின், வழித்தோன்றல்களே.

பெட்டிகளாகப் பகுத்தல் என்பது வெறும் வசதியன்று. அது ஒரு தீர்ப்பு. 10.6 கிகாஹேட்ஸில் வெற்று வெளியில் அலைநீளம் ஏறத்தாழ 28 மில்லிமீற்றர். 4.7 மின்னுழைய மாறிலியுடைய ஊடகத்தினுள்ளே அது 13 மில்லிமீற்றராகச் சுருங்கும். ஓர் அலைநீளத்துக்கு இருபது பெட்டி என்னும் வழமையான அளவைக் கொண்டால் ஒரு பெட்டியின் பக்கம் 0.65 மில்லிமீற்றர். நமது அன்ரெனாவின் உயிர்நிலையான இடைவெளியோ 0.3 மில்லிமீற்றர், பெட்டியொன்றின் பாதியளவும் இல்லை. ஆகவே அவ்விடத்தில் வலை இன்னும் நுண்ணியதாதல் வேண்டும். ஒழுங்கான வலையொன்றில் பெட்டியின் பக்கத்தைப் பாதியாக்கினால் நினைவகம் எட்டு மடங்காகும். காலத்துடிப்பும் குறுகுவதால் வேலை பதினாறு மடங்காகும். எந்த இடத்தில் நுணுக்கம் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பது ஆய்வாளன் எடுக்கும் முடிவு. வலையை மேலும் நுணுக்கியபோது விடை மாறாது நின்றதா என்னும் ஒரு வரியேனும் கட்டுரையில் இருத்தல் வேண்டும். அவ்வரி இல்லாத கட்டுரைகளே கண்ணிற் படுவன பல. மென்பொருளே வலையைத் தானாக அமைத்துவிடுகின்றது என்பர். அமைப்பது உண்மை, அதற்குப் பொறுப்பேற்பது யார் என்பதே கேள்வி.

பலகையின் இயல்பு அடுத்த சிக்கல். மலிவு காரணமாகப் பெரிதும் கையாளப்படுவது கண்ணாடியிழைத் துணியும் எப்பொக்சிப் பிசினும் சேர்ந்த எப்.ஆர்.4 பலகை. இது உயர் மீடிறன்களுக்கென ஆக்கப்பட்டதன்று. இழைக்கும் பிசினுக்கும் இடையிலான விகிதம் மாறினால் மின்னுழைய மாறிலியும் மாறும். மீடிறனுடனும் அது மாறும். மென்பொருளின் பட்டியலில் அதற்கு ஒரேயொரு எண் உண்டு. அந்த எண்ணை அப்படியே எடுத்தாளும் ஆய்வாளன், தன் கையிலுள்ள பலகையை அல்லாமல், பட்டியலில் உள்ள பலகையையே ஆராய்கின்றான். உண்மையான மாறிலி 4.7 அன்றி 4.3 என வைத்துக்கொள்வோம். மேற்கூறிய அளவுடைய பட்டிக்கோட்டில் பரிவு மீடிறன் ஏறத்தாழ 4 சதவீதம் இடம்பெயரும். இரண்டு மூன்று சதவீத அகலமே கொண்ட பழைய ஒட்டுத்தகட்டில் இப்பிழை நேர்ந்தால் அன்ரெனா குறித்த மீடிறனில் இயங்காது. ஆய்வாளன் தலையில் கைவைத்துக்கொண்டு மூலகாரணத்தைத் தேடுவான். அகலப்பட்டை அன்ரெனாவிலோ 4 சதவீதப் பெயர்ச்சி ஒன்றுமே செய்யாது. வளைகோடு எல்லைக்குக் கீழேயே கிடக்கும். ஆய்வுப் பொருளின் பரந்த இயல்பே ஆய்வின் பிழையை மூடிமறைக்கின்றது என்பது இவ்வகை எழுத்தின் பெரிய முரண்பாடு. 'நல்ல இசைவு' என்னும் வாய்பாடு இத்துறையில் இத்தனை தாராளமாக வழங்குவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம். நாம் மேலே பாராட்டிய 2005 ஆம் ஆண்டுக் கட்டுரையும் இவ்வாய்பாட்டைக் கைவிடவில்லை. துடிப்புகளை இவ்வன்ரெனா எவ்வளவு திரிபின்றி அனுப்புகின்றது என்னும் பகுதி அதில் போலச்செய்தலின் அளவிலேயே நின்றுவிட்டது.

இவற்றினும் ஆழமானது புவித்தகடு பற்றிய பிரச்சினை. 'புவி' என்ற பெயரே நம்மை மயக்குகின்றது. எல்லையற்ற, அசைவற்ற, மின்னழுத்தம் மாறாத ஒரு தளத்தையே அப்பெயர் மனதில் எழுப்பும். இங்கே அது 42 மில்லிமீற்றர் அகலமுள்ள ஒரு செம்புத் துண்டு. 3 கிகாஹேட்ஸில் அலைநீளம் 100 மில்லிமீற்றர். முழுப் பலகையும் அதன் அரைப்பங்கு அளவினதே. இத்தகைய அளவில் புவித்தகட்டின்மேல் மின்னோட்டம் தாராளமாக ஓடுகின்றது. வட்டத்தைப் போன்று அதுவும் கதிர்வீசுகின்றது. அன்ரெனா என்பது வட்டம் மாத்திரமன்று. வட்டமும் தகடும் சேர்ந்த இரட்டை. இதுவரையில் சிக்கலில்லை. கணனி மாதிரியிலே ஊட்டுகோட்டின் அடியில் ஒரு கற்பனை வாயில் வைக்கப்படுகின்றது. அத்துடன் உலகம் முடிகின்றது. ஆய்வுகூடத்திலோ அவ்விடத்தில் ஓர் இணைப்பி உண்டு. அதிலிருந்து ஓரச்சு வடம் அளவுக் கருவிக்குச் செல்கின்றது. புவித்தகட்டின்மேல் ஓடிய மின்னோட்டம் பலகையின் விளிம்பில் நிற்பதில்லை. வடத்தின் வெளியுறையைப் பற்றிக்கொண்டு தொடர்ந்து ஓடும். ஒரு மீற்றர் வடம் 3 கிகாஹேட்ஸில் பத்து அலைநீளம். ஆக, அளக்கப்படுவது அன்ரெனாவா, அன்ரெனாவும் வடமும் சேர்ந்த வேறொரு பொருளா?

பட்டையின் மேற்பகுதியில் மின்னோட்டம் இடைவெளியை அண்டியே செறிவதால் வடத்தின் பங்கு குறைவு. கீழ்ப்பகுதியில் அது பெரிது. அச்சிட்ட சிறு அன்ரெனாக்களில் அளவீடும் கணிப்பும் பட்டையின் கீழ் எல்லையிலேயே பெரிதும் வேறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டுரைகள் இவ்வேறுபாட்டை எவ்வாறு விளக்குகின்றன? 'உற்பத்தியின்போது நேர்ந்த சிறு பிழைகளும் இணைப்பியை ஒட்டுவதில் ஏற்பட்ட குறைபாடுகளும் காரணமாகலாம்' என்றவாறு ஒரு வசனம் வரும். பலகையை அரித்தெடுத்த தொழில்நுட்ப உதவியாளரின் கையும், ஈயம் ஒட்டிய மாணவரின் கையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகின்றன. மாதிரி குற்றமற்றதாய் வெளியேறுகின்றது. சிந்தித்தவரின் பிழை ஒருபோதும் இல்லை, செய்தவரின் பிழையே எப்பொழுதும் என்னும் இம்மனப்பாங்கு நமக்குப் புதியதன்று. மூளையுழைப்புக்கும் உடலுழைப்புக்கும் இடையே நெடுங்காலமாக நிலவும் ஏற்றத்தாழ்வு, விஞ்ஞானக் கட்டுரையின் கடைசிப் பந்தியிலே தன் முகத்தைக் காட்டுகின்றது. வடத்தின் ஒரு துண்டையும் இணைப்பியையும் மாதிரிக்குள்ளே சேர்த்து மீண்டும் கணித்துப் பார்த்தால் குற்றம் யாருடையது என்பது அநேகமாகத் தெரிந்துவிடும். அதற்கு ஓரிரவுக் கணிப்புப் போதும்.

வளைகோட்டைப் பற்றியும் கூறவேண்டும். இவ்வாய்வுகளின் மையத்தில் நிற்பது தெறித்துத் திரும்பும் வலுவைக் காட்டும் ஒரு வளைகோடு. அது −10 டெசிபெல் என்னும் கோட்டுக்குக் கீழே இருந்தால், அதாவது ஊட்டப்பட்ட வலுவில் பத்திலொரு பங்குக்கு மேல் திரும்பி வராதிருந்தால், அன்ரெனா அம்மீடிறனில் 'இயங்குகின்றது' என்பர். திரும்பி வராத வலு எங்கே சென்றது என்பதை வளைகோடு கூறாது. 50 ஓம் தடையொன்றை வாயிலில் பொருத்தினால் ஏறத்தாழ எதுவுமே திரும்பாது. வளைகோடு மிக அழகாக இருக்கும். ஆனால் அத்தடை கதிர்வீசுவதில்லை, சூடாகின்றது. எப்.ஆர்.4 பலகையின் இழப்புக் காரணி ஏறத்தாழ 0.02, மீடிறன் உயர உயரப் பலகை விழுங்கும் வலு கூடும். இழப்பு மிகுந்த பலகையில் அன்ரெனாவின் பட்டை அகன்றதாகத் தோன்றும். கதிர்வீசலின் வினைத்திறனைத் தராது பட்டையகலத்தை மாத்திரம் பறைசாற்றும் கட்டுரை, மாணவனின் மௌனத்தைக் கண்டு அவன் பாடத்தை விளங்கிக்கொண்டான் என முடிவுகட்டும் ஆசிரியரை ஒத்தது.

வளைகோடே இலக்கு என ஆனபின், வடிவங்கள் பெருகுவது இயல்பே. வட்டம் நீள்வட்டமாயிற்று, அறுகோணமாயிற்று, பூவிதழாயிற்று, தன்னைத்தானே மடித்துக்கொள்ளும் பின்ன வடிவங்களாயிற்று. ஒவ்வொன்றிலும் ஒரு பிளவு, ஒரு வெட்டு. பரமானம் ஒன்றை எடுத்து 0.1 மில்லிமீற்றர் படியில் மாற்றி, ஐந்து வளைகோடுகளை ஒரே படத்தில் வரைந்து, அவற்றுள் சிறந்தது இதுவெனத் தெரிவுசெய்வது வழக்கமாயிற்று. ஏன் சிறந்தது என்னும் வினா எழுவதில்லை. இலக்கியத்தில் உருவவாதம் என நாம் கண்டித்த போக்குக்கும் இதற்கும் அதிக தூரமில்லை. விவரங்களைக் குவிப்பதால் யதார்த்தம் பிறந்துவிடாது என்பதை நாவல் விமர்சனம் நமக்குக் கற்றுத்தந்தது. எவை இன்றியமையாதவை, எவை தற்செயலானவை எனப் பிரித்தறியும் தெரிவிலேயே யதார்த்தம் அமைகின்றது. மாதிரியமைத்தலும் அவ்வாறே.

இந்நிலைக்கு ஆய்வாளரை மாத்திரம் குறைகூறுவது நேர்மையாகாது. கருவியின் உடைமை பற்றியும் பேசுதல் வேண்டும். வைலண்டின் முறை முதலில் அணுத்துகள் முடுக்கிகளுக்கெனப் பொது ஆய்வு நிறுவனங்களில் வளர்க்கப்பட்டது. 1992 இல் டாம்ஸ்ராட் நகரில் சீ.எஸ்.ரீ. கம்பனி தோன்றியது, 2016 இல் அதனை பிரான்ஸின் டசோ சிஸ்ரெம்ஸ் வாங்கியது. 1984 இல் தொடங்கப்பட்ட அன்சொவ்ற் கம்பனி 2008 இல் அன்சிஸ் வசமாயிற்று. பல்கலைக்கழகங்களிலும் பொதுப்பணத்திலும் முளைத்த அறிவு, படிப்படியாகச் சில பெருங் கம்பனிகளின் உடைமையாய் ஒன்றுதிரண்ட வரலாறு இது. முழு உரிமத்தின் விலை நம் போன்ற நாடுகளின் பல்கலைக்கழகத் துறையொன்றின் வரவுசெலவுக்கு அப்பாற்பட்டது. மாணவருக்கென அளிக்கப்படும் இலவசப் பதிப்புகள் வலையின் பருமனுக்கு வரம்பிடுகின்றன. நுணுக்கம் தேவைப்படும் இடத்திலேயே அவை கையைக் கட்டுகின்றன. மறுபுறம், தெறிப்பற்ற அளவீட்டு அறையின் விலை இன்னும் அதிகம். அளப்பதற்கு வசதியில்லாத இடத்தில் போலச்செய்தலே ஆய்வின் தொடக்கமும் முடிவுமாகிவிடுகின்றது. பதவியுயர்வுக்குக் கட்டுரைகளை எண்ணும் நிருவாகம் எஞ்சியதைச் செய்துவிடுகின்றது.

எனினும் வேறு வழிகள் இருந்தன; இருக்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் லோரன்ஸ் லிவர்மூர் ஆய்வுகூடத்தில் கடற்படையின் ஆதரவுடன் எழுதப்பட்ட நெக் என்னும் நிரலின் இரண்டாம் பதிப்பு 1981 முதல் பொதுவுடைமையாக வழங்கிவருகின்றது. கம்பி வடிவங்களுக்கு அது இன்றும் பயன்படும். யீயின் முறையில் அமைந்த ஓப்பன் ஈ.எம்.எஸ். என்னும் கட்டற்ற மென்பொருள் ஜேர்மனியின் டுயிஸ்பேர்க்-எசன் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. அதன் மூலநிரலை எவரும் திறந்து படிக்கலாம். வாயில் எவ்வாறு வரையறுக்கப்படுகின்றது, விளிம்பில் அலை எவ்வாறு விழுங்கப்படுகின்றது என்பவற்றை மாணவன் கண்ணாற் காணமுடியும். இத்துறையில் நமக்கு மரபே இல்லை எனக் கூறுவதும் தவறு. பேராதனையிற் கற்பித்தவரான யாழ்ப்பாணத்து ரட்ணஜீவன் ஹூல், மின்காந்தச் சாதனங்களைக் கணனியால் பகுத்தாய்ந்து வடிவமைப்பது பற்றி எழுதிய நூல் 1989 இல் நியூயோர்க்கில் வெளியாயிற்று. மூலக முறையை உள்ளிருந்து கற்பிக்கும் நூல்களின் வரிசையில் அதற்கு இடமுண்டு. ஒற்றைப் பரிமாணத்தில் யீயின் முறையை எழுத ஐம்பது வரி நிரல் போதும். அதனை ஒருமுறை தன் கையால் எழுதிய மாணவன், காலத்துடிப்பு பெட்டியின் அளவை மீறினால் விடை எவ்வாறு வெடித்துச் சிதறும் என்பதைக் கண்டிருப்பான். பின்னர் விலைமிக்க மென்பொருளின் வண்ணப் படத்தை அவ்வளவு எளிதில் நம்பமாட்டான்.

அளவீட்டிலும் அவ்வாறே. பலகையின் மாறிலியை அறியப் பட்டியலை நாடவேண்டியதில்லை. அன்ரெனாவை அச்சிடும் அதே பலகையின் மூலையில் ஒரு செம்பு வளையத்தையும் அச்சிடலாம். வளையத்தின் சராசரிச் சுற்றளவு பலகையினுள் அலைநீளத்தின் முழுவெண் மடங்காகும்போதெல்லாம் பரிவு தோன்றும். அம்மீடிறன்களிலிருந்து அப்பலகையின் மாறிலியை, ஒன்றல்லாது பல மீடிறன்களில், கணித்துக்கொள்ளலாம். வினைத்திறனை மதிப்பிட வீலர் 1959 இல் எளியதொரு வழி கூறினார். அன்ரெனாவைக் கடத்தும் உலோகக் கூடொன்றினால் மூடினால் கதிர்வீசல் தடைப்படும். மூடியபோதும் மூடாதபோதும் வாயிலில் தோன்றும் தடைகளின் வேறுபாடே கதிர்வீசலின் பங்கு. அவர் கருதியது சிறிய குறும்பட்டை அன்ரெனாவை. அகலப்பட்டைக்குக் கூட்டின் அளவையும் கணிப்பையும் மாற்றியமைத்தல் வேண்டும், கூட்டினுள் எழும் பரிவுகளையும் கழித்தல் வேண்டும். அதனைச் செய்து காட்டுவதே ஒரு பட்டமேற்படிப்பு ஆய்வுக்குப் போதிய பொருள். அதற்கு வேண்டியவை செம்புத் தகடு, ஈயம் ஒட்டும் கோல், பொறியியற் பீடமொன்றில் கடன்பெறக்கூடிய அளவுக் கருவி ஒன்று. வடத்தின்மீது இரும்பாக்கசைட்டு வளையங்கள் சிலவற்றைக் கோத்து, கோப்பதற்கு முன்னும் பின்னும் பட்டையின் கீழ் எல்லையில் வளைகோடு எவ்வளவு நகர்கின்றது என்பதையும் அதே மேசையிற் பார்த்துவிடலாம்.